கடிக்கிற பிள்ளையும் மூக்கு சுளிக்கிற செட்டோவும்

அனிசெட்டோ பால்மாரெஸ் ஒரு பன்றித் தொடையின் முன்னால் நின்று மூக்கைச் சுளித்தாரென்றால், அந்தத் தொடை அன்றைக்கு யார் வீட்டு அடுப்புக்கும் போகாது. இலோய்லோ என்ற ஊரில் ஆற்றை ஒட்டிய சந்தையில் அவர் இறைச்சி ஆய்வாளர். நோயில் செத்த பன்றியைத் திருட்டுத்தனமாக அறுத்து, காடியில் கழுவி, புது இறைச்சி மாதிரி கொக்கியில் தொங்கவிடுகிற ஆட்கள் எந்தச் சந்தையிலும் உண்டு. ‘ரெண்டு தடவை செத்தது’ என்று அதற்குப் பெயர். முதலில் நோயில் சாகிறது, அப்புறம் கத்தியில். நல்ல இறைச்சிக்கு அவர் கையில் ஊதா மை முத்திரை இருந்தது. கெட்டதற்கு அந்த முகம். இடது மூக்கு மேலே ஏறும். மேலுதடு ஒரு பக்கமாகச் சுருளும். கண் பாதி மூடும்.

“நோங் செட்டோ மூஞ்சியச் சுளிச்சா செத்த பன்னிகூட எந்திரிச்சு ஓடிரும்” என்று கறிக்கடைக்காரிகள் சிரிப்பார்கள். தங்களுக்கு மூத்த ஆண்களை அந்த ஊரில் நோங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த முகத்தைச் சந்தையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவரால் முடியவில்லை. இளம் வயதில் விஸிதா என்ற பெண்ணை அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். பெண் வீட்டு விருந்தில் அவள் அப்பா பொதுக் கரண்டியால் சூப்பை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அதே கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள் போட்டார். செட்டோ ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் பேசிவிட்டது. மறுநாள் மோதிரம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சட்டைப்பையில் சொந்தக் கரண்டியோடு விசேஷ வீடுகளுக்குப் போகிற மனிதராகவே ஐம்பதைத் தாண்டினார்.

கல்யாணமாகாத மனிதர் ஒரு பிள்ளையை வளர்த்தும் முடித்திருந்தார். அக்கா ரெமெடியோஸ் புருஷனை இழந்து மகள் ரோஷெலோடு அவர் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். ரோஷெலுக்குச் சோறு, உடுப்பு, பள்ளிக்கூடம் எதிலும் அவர் குறை வைக்கவில்லை. காய்ச்சல் வந்தால் மருந்தை மேஜை மேல் வைத்துவிட்டுக் கதவருகே நின்று கேட்பார், “குடிச்சியா?”

ரோஷெல் ஒரு கப்பல்காரனை நம்பினாள். அவன் கப்பலேறினவன்தான். மகள் பிறந்தபோதும் கரை சேரவில்லை. மிகாய் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் ரோஷெலுக்கு ஹாங்காங்கில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை.

“பகல்ல லூடிங் மனாங் பாத்துப்பாங்க. சாயந்தரம் மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும் தியோ. தூங்கற பிள்ளைதானே, தொந்தரவு இருக்காது” என்றாள். மாமா அவளுக்குத் தியோ, மூத்த பெண்கள் மனாங்.

செட்டோ பிள்ளையைப் பார்த்தார். மூக்கிலிருந்து பச்சையாக ஒன்று வழிந்து உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது நாக்கை நீட்டி அதை நக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார்.

லூடிங் அவருடைய தம்பி ரூபெனின் மனைவி. ஒரே முற்றம், பக்கத்து வீடு. அந்த வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. சொந்தக்காரர்கள் வீட்டில் செட்டோ தண்ணீர் வாங்கிக் குடித்தது அந்த ஒரு வீட்டில்தான். அதனால்தான் பிள்ளையை அங்கே விடுவதற்கு அவர் யோசிக்கவில்லை.

ரோஷெல் ஹாங்காங்குக்குப் புறப்படும் அன்று லூடிங்தான் யோசனை சொன்னாள். “அது தூங்கும்போதே கெளம்பிடு, பொண்ணே. முழிச்சிருந்தா ஊரக் கூட்டும். ரெண்டு நாள்ல மறந்துரும். இந்த வயசுக்கு என்ன தெரியும்?”

ரோஷெல் அப்படியே செய்தாள்.

பிள்ளை மதியம் எழுந்து தேடியது. கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், கொசுவலைக்குள். கடைசியில் அழுக்குக்கூடையைக் கவிழ்த்து ரோஷெலின் பழைய நைட்டியை இழுத்து எடுத்தது. அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து நைட்டி கையை விட்டு இறங்கவில்லை. சாப்பிடும்போது மடியில். தூங்கும்போது கன்னத்தின் கீழ். ஒரு முனையை எப்போதும் சப்பிக்கொண்டிருக்கும்.

சில வாரங்களில் அந்த நைட்டி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எச்சில், பால், சோற்றுப்பருக்கை, மூத்திரம்.  ஈ மொய்த்த இறைச்சியை வெறுங்கையால் தூக்கிப்போடுகிற செட்டோ அதை இரண்டு விரலால் தூக்கி, வெளுப்பு மருந்து போட்ட கொதிநீரில் முக்கி, அலசி, வெயிலில் காயப்போட்டார். மடித்துக் கொண்டுபோய்ப் பிள்ளையிடம் நீட்டினார். நல்ல காரியம் செய்த நினைப்பு அவருக்கு.

மிகாய் வாங்கி முகத்தில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். துணியைத் திருப்பி உள்பக்கத்தை முகர்ந்தாள், கழுத்துப் பட்டியை முகர்ந்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு அழுக்குக்கூடையிடம் போய் எட்டிப் பார்த்தாள். கூடை காலி. திரும்பி அவரைப் பார்த்தாள். கத்தல் இல்லை, உருளல் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, சத்தமே வரவில்லை.

அன்றும் மறுநாளும் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

மூக்கால் பிழைக்கிற மனிதருக்கு அந்த இரண்டு நாளில் ஒரு விஷயம் மெதுவாகப் புரிந்தது. அந்த நாற்றத்துக்குள் ரோஷெல் இருந்திருக்கிறாள். அவர் கொதிக்க வைத்துக் கொன்றது அவளை. ஹாங்காங்கிலிருந்து துணி வரவழைக்கலாமா என்றுகூட யோசித்தார். யாரிடம் இதைச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் மாலை வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொல்லைக் கொக்கியில் மாட்டினார். இரத்தமும் கொழுப்பும் ஊதா மையும் கலந்த சட்டை. அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததே கிடையாது. குளித்துவிட்டு வந்தபோது கொக்கியில் சட்டை இல்லை. மிகாய் அதைத் தரையில் விரித்து, அதன் மேல் குப்புறப் படுத்து, கைமடிப்பைச் சப்பிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். பன்றிக் கொழுப்பு பிள்ளையின் வாயில்!

 பிடுங்க அவர் கை நீண்டது. நீண்ட கை நின்றது. மீதிச் சாயங்காலம் முழுவதும் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பகலில் லூடிங் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டதில்லை. பிள்ளை சுத்தமாகத் திரும்பி வரும். தலை வாரியிருக்கும். பவுடர் அடித்திருக்கும். ஆனால் கடிக்கத் தொடங்கியிருந்தது. தூக்கினால் தோளில் கடி, கை நீட்டினால் விரலில் கடி. “பல்லு மொளைக்குது நோங், வேறொண்ணுமில்ல” என்றாள் லூடிங். அவரும் நம்பினார்.

சந்தையில்தான் தெரிய வந்தது. குடல் விற்கிற பெண் ஒருத்தி கைபேசியை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

“நோங், இது உங்க வீட்டுப் பிள்ளதானே? கடிக்கிற பாப்பா! ஊரே பாக்குது. நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம்.”

செட்டோ பார்த்தார். லூடிங் வீட்டுப் பளபளக்கும் தரை. நடுவில் மிகாய். சுற்றி லூடிங், ரூபென், வந்த விருந்தாளிகள் நாலைந்து பேர். யாரோ இன்னொரு கைபேசியைப் பிள்ளையின் முன்னால் பிடித்திருக்கிறார்கள். அதில் ரோஷெலின் படம். மடியில் அவள் வேலை பார்க்கிற வீட்டுப் பையன், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

“மிகாய், நானாய் எங்க?” லூடிங்கின் குரல். நானாய் என்றால் அம்மா.

பிள்ளை விரலால் படத்தைத் தொடுகிறது.

“அய்ய, அது உன் நானாய் இல்ல. அது அந்தச் சீனாக்காரப் பாப்பாவோட நானாய். உன்ன நாங்க குப்பத்தொட்டியிலேர்ந்து எடுத்தோம்!”

சிரிப்பு. பிள்ளைக்கு வார்த்தை முழுக்கப் புரிந்ததோ இல்லையோ, அது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறது. லூடிங்கின் முகம், ரூபெனின் முகம், விருந்தாளியின் முகம். சிரிக்காத ஒரு முகத்தைத் தேடுகிறது. இல்லை. உதடு பிதுங்குகிறது. பக்கத்திலிருந்த ரூபெனின் கையை எட்டிக் கடிக்கிறது. ஒரே கைதட்டல். “ஆஹா! பாத்தியா, பாத்தியா!” பிறகு லூடிங் சொல்கிறாள்: “சரியா விழல. இன்னொரு தடவ எடு. மிகாய், அழுகைய நிறுத்து. அழகுக் கண்ணு காட்டு பாப்போம்!” பிள்ளை கண்ணில் நீரோடு, கற்றுக்கொடுத்தபடி, இமையைப் படபடவென்று அடித்து அழகுக் கண் காட்டுகிறது. “இப்ப சொல்லு, நானாய் எங்க?”

அந்த ‘இன்னொரு தடவ’தான் அவரைச் சாய்த்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ புழுத்த ஈரலைக் கையில் பிடித்தவர், வயிறு ஊதிச் செத்த பன்றியை மூக்கருகே வைத்து முகர்ந்தவர், ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. அன்றைக்குக் கறிக்கடை வரிசைக்கு நடுவே சாக்கடையோரம் குந்தி எடுத்தார். கடைக்காரிகள் பதறிப்போனார்கள்.

“எந்தக் கடைக் கறி நோங்?” என்று ஒருத்தி பயத்தோடு கேட்டாள்.

“எங்க வீட்டுக் கறி” என்றார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே லூடிங் வீட்டுக்குப் போனார். அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மிகாய் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் படம்...” என்று தொடங்கினார்.

“பாத்தீங்களா?” லூடிங்கின் முகம் மலர்ந்தது. “எவ்வளவு பேர் பாத்திருக்காங்க தெரியுமா? என் தங்கச்சி கனடாவுலேர்ந்து கூப்பிட்டா.”

“மனுஷங்களா நீங்க? சீ!”

லூடிங் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். “வெளையாட்டுக்குத்தானே நோங். எங்க பசங்களயும் இப்படித்தான் சீண்டுவோம். எங்களயும் சீண்டினாங்க. குப்பத்தொட்டிக் கதை கேக்காத பிள்ள இந்த ஊர்ல உண்டா? அப்பதான் தோல் தடிக்கும்.”

“தடிக்கலியே. கடிக்கத்தானே செய்யுது.”

“அதுக்கு நாங்கதான் காரணமா?” அவள் குரல் உயர்ந்தது. “நாங்க சிரிக்கவாவது செய்யறோம். நீங்க? அது பக்கத்துல வந்தா கெட்டுப்போன கறியப் பாக்கற மாதிரி பாக்கறீங்க. ரோஷெல் சின்னதுல எங்கிட்ட வந்து அழுவா, தெரியுமா? ‘தியோவுக்கு எம்மேல நாத்தமா மனாங்?’னு கேப்பா. எனக்குச் சொல்ல வந்துட்டீங்க!”

 செட்டோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தோளில் ஒரு கடி விழுந்தது.

வீட்டுக்கு வந்து இறக்கி விட்டதும் மிகாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். தொடை வழியாக வழிந்து தரையில் தேங்கியது. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். இடது மூக்கு மேலே ஏறியது. மேலுதடு ஒரு பக்கமாகச் சுருண்டது. கண் பாதி மூடியது.

“நாத்தம்” என்றாள், தன் காலைப் பார்த்து.

இரண்டு வயதுகூட நிரம்பாத முகத்தில் அவருடைய முகம். அச்சு அசல். அதை அவள் ஒரு பன்றித் தொடைக்குக் காட்டவில்லை, தனக்கே காட்டிக்கொண்டாள். லூடிங் வீட்டுப் படத்தைப் பார்த்தபோது வந்த குமட்டலைவிட இது மோசமாக இருந்தது. ஏனென்றால் இதைத் துப்ப முடியாது.

அவர் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தார். பிறகு காலைத் துடைத்தார். முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளப் பார்த்தார். அது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. மூக்கு தானாக ஏறியது. பிடித்து இழுத்து இறக்குகிற மாதிரி இறக்கினார். தாடை வலித்தது. பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, ஆற்றோரக் கொக்கு தண்ணீரைப் பார்க்கிற மாதிரி.

மறுநாள் சந்தைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு பிள்ளையை விடுவதற்கு வேறு இடம் தேடினார். சுத்தமான வீடாகத்தான் தேடினார். ஒரு வீட்டில் பிள்ளையைப் பார்த்ததும், “அய்யோ, கடிக்கிற பாப்பா! எங்க கடி, கடி” என்று கையை நீட்டினார்கள். இன்னொரு வீட்டில் வாயில் மிளகாய் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். மூன்றாவது வீட்டில் உள்ளே கூட்டி உட்கார வைத்து, அழகுக் கண் காட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் அவர் வாயில் கசப்போடு இறங்கினார்.

கடைசியில் ஆற்றங்கரையில் கருவாடு காயப்போடுகிற அனலினின் குடிசை. இருபது எட்டுக்கு முன்னாலேயே அந்த வாடை வந்து அடிக்கும். ஈ, நாய், சேறு. அவள் மகன் போன்போனுக்கு மிகாயின் வயது. முழங்காலுக்குக் கீழே சிரங்கு. அவன் ஒரு மீன் தலையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“இது கடிக்கும்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார் செட்டோ.

“இவன் அடிப்பான்” என்றாள் அனலின். “நல்லதாப் போச்சு.”

“அழுதா என்ன பண்ணுவே?”

“தூக்கி வெச்சுப்பேன். வேற என்ன பண்றது நோங்? அந்தச் சத்தத்துல எனக்கு மீன் அறுக்க ஓடாது.”

“சிரிக்க மாட்டியே?”

அனலின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அழற பிள்ளையப் பாத்தா? எனக்கென்ன பைத்தியமா?”

அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தன் சட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டார். கருவாடு. சீ என்றிருந்தது. ஆனாலும் அந்த நாற்றம் வெளியே இருந்தது. லூடிங் வீட்டு நாற்றம் மாதிரி மெழுகுத் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கவில்லை.

அனலினும் தேவதை ஒன்றும் இல்லை. கூச்சல் போடுவாள், பிள்ளைகளைச் சேற்றில் புரள விட்டுவிட்டுச் சீட்டாடுவாள். முதல் வாரத்திலேயே மிகாய் போன்போனைக் கடித்தாள், அவன் அவள் தலைமுடியைப் பிய்த்தான். இரண்டும் கத்தின. அனலின் ஒன்றை இடது இடுப்பிலும் இன்னொன்றை வலது இடுப்பிலும் தூக்கிக்கொண்டு கருவாட்டைத் திருப்பினாள். இடுப்புக்கு இடுப்பு அவை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. முறைப்பு கொஞ்ச நேரத்தில் சலித்துப்போனது. ஒரு நாள் போன்போன் சறுக்கி விழுந்து அழுதபோது, மிகாய் தான் சப்பிக்கொண்டிருந்த செட்டோவின் சட்டையைக் கொண்டுபோய் அவன் முகத்தில் வைத்து அழுத்தினாள் என்று அனலின் சொன்னாள். “மூச்சு முட்டிச் செத்திருப்பான் நோங். ஆனா நல்ல எண்ணந்தான்.”

லூடிங் சும்மா இருக்கவில்லை. ஹாங்காங்குக்குச் சேதி போனது. ரோஷெல் வீடியோவில் கூப்பிட்டாள்.

“கருவாட்டுக் குடிசையில என் பிள்ளைய விட்டீங்களாமே தியோ? சிரங்கு பிடிச்ச பையனோட? நீங்களா?”

“லூடிங் எடுத்த படத்தப் பாத்தியா நீ?”

ரோஷெல் கண்ணைத் தாழ்த்தினாள். “பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“அதுக்குக் கீழ சிரிக்கிற பொம்மை போட்டேன்.”

செட்டோவின் முகம் கைபேசிக்கு முன்னால் கோணியது. வழக்கமான அதே சுளிப்பு. ரோஷெல் அதைத் திரையில் பார்த்தாள்.

“அப்படிப் பாக்காதீங்க தியோ. பத்து வருஷமா அந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன். வேற என்ன போடறது? அழுதா இந்த வீட்டம்மா வந்து என்னன்னு கேப்பா. இந்தப் பையன் என் மடியிலயே இருக்கான். நான் அழுதா அவனும் அழறான். எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் எப்படிச் சிரிக்காம இருக்கறது?” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எம்மேலயே எனக்குக் குமட்டுது. போதுமா?”

செட்டோ திரையைப் பார்த்தபடி இருந்தார். சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சின்ன வயதில் அவள் லூடிங்கிடம் கேட்ட கேள்விக்கான பதில் அது.

“உம்மேல எனக்கு எப்பவும் நாத்தம் அடிச்சதில்ல” என்றார். “எனக்கு எது பண்ணவும் தெரியல. அவ்வளவுதான்.”

ரோஷெல் முகத்தைத் துடைத்தாள். “குடிசையிலயே இருக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். செட்டோ கூச்சத்தை விட்டுக் கேட்டுக்கொண்டபடி ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டிய, துவைக்காத ஒரு பனியன். செட்டோ அதை முகர்ந்து பார்க்காமல் அப்படியே பிள்ளையிடம் கொடுத்தார். மிகாய் பிரித்து முகர்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள். சந்தைச் சட்டையின் பக்கத்தில் அதையும் வைத்துக்கொண்டாள்.

மாதங்கள் போகப் போகக் கடி குறைந்தது. ஒரேயடியாக நிற்கவில்லை. பசி எடுத்தால் கடி, தூக்கம் வந்தால் கடி, புது ஆள் வந்தால் கடி. ஆனால் கடிப்பதற்கு முன்னால் இப்போது ஒரு வார்த்தை வந்தது. “வேணாம்!” என்று கத்துவாள். கத்தியும் கேட்காவிட்டால்தான் பல். செட்டோவுக்கு அது போதுமான முன்னேற்றமாகத் தோன்றியது. பெரியவர்களில் பலபேர் அதுகூடச் செய்வதில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வாய் நிறைய அரிசி அப்பத்தை மென்றுகொண்டிருந்தாள். என்ன நினைத்தாளோ, பாதி மென்றதை வாயிலிருந்து விரலால் தோண்டி எடுத்து, கொழகொழவென்று எச்சில் நூலோடு அவர் முன்னால் நீட்டினாள். “லோலோவுக்கு.” தாத்தாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

 சாப்பிட்டார் என்று சொன்னால் கதைக்கு நன்றாகத்தான் இருக்கும். சாப்பிடவில்லை. அவரால் முடியவே முடியாது. உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. முகத்தை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டு, “மிகாய் குடுத்தாளா? லோலோவுக்கா? ரொம்ப சந்தோஷம்” என்றார். பிள்ளை அந்த முகத்தை உற்றுப் பார்த்தது. நம்பியது. ஓடிப் போய்விட்டது. அவர் அதை நாய்க்குப் போட்டுவிட்டு இரண்டு தடவை சோப்பு போட்டுக் கை கழுவினார்.

அடுத்த வருடம் லூடிங்கின் மூத்த மகனின் பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்தது. முதல் பிறந்தநாள் விருந்துக்கு ரூபென் நேரில் வந்து கூப்பிட்டான். “ரெத்த சொந்தம் நோங். ஊர் பேசும்.” தம்பி முகத்துக்காக செட்டோ மிகாயைக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு மூன்று வயது ஆகியிருந்தது.

முழுப்பன்றி வாட்டி வைத்திருந்தார்கள். நூடுல்ஸ், கேக், பலூன். நடுவில் அந்தப் பிறந்தநாள் பிள்ளை, கழுத்தை இறுக்குகிற கோட்டோடு. லூடிங் அதன் முன்னால் கேக்கைக் கொண்டுபோய் வைத்தாள். அது கையை நீட்டியதும் பின்னால் இழுத்தாள். மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்தாள். பிள்ளை முகம் மாறியது. நாலைந்து கைபேசிகள் மேலே எழும்பின.

“அழப்போறான், அழப்போறான், எடு எடு!”

பிள்ளை வீறிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.  செட்டோ திரும்பி மிகாயைப் பார்த்தார். அவள் சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சிரிக்கிற முகங்கள். அவள் வாயும் மெல்ல விரிந்தது. கைதட்டினாள். எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சிரித்தாள்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். யாரிடமும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ன நோங், சாப்பிடலியா?” என்று லூடிங் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“கெட்டுப்போச்சு” என்றார் திரும்பாமல்.

“என்ன கெட்டுப்போச்சு? காலைல வாட்டினது!”

தெருவில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். மிகாய் இரண்டு அடிக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

“லோலோ கோவமா?”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவள் ஏற்கெனவே முகத்தைப் படித்துவிட்டாள். இல்லை என்றால் எதை நம்புவாள்?

“ஆமா. கோவம்.”

“எம்மேலயா?”

“சிரிச்சவங்க மேல.”

அவள் யோசித்தாள். “நானும் சிரிச்சேன்.”

“பாத்தேன்.”

“பாப்பா அழுதான்” என்றாள். பிறகு, “கேக் குடுக்கல.”

“குடுக்கல.”

அவள் நின்றுவிட்டாள். முகம் மெல்லச் சுருங்கியது. அது அவருடைய சுளிப்பு இல்லை. அவளுடையதேயான ஏதோ ஒன்று, அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில். அவர் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். கையிலெல்லாம் கேக் கிரீம். அதை அவர் சட்டைக் கழுத்தில் துடைத்துவிட்டுத் தோளில் தலையைச் சாய்த்தாள். மூக்கு ஒழுகியது. ஆற்றுப்பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் வீடு வரைக்கும் அவளை இறக்கவில்லை.